பாடு என்னும் சொல்

தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் ஆண்டவர் சிலுவையிலே அடைந்த துன்பத்தைக் குறிக்க வழங்கும் சொல் "பாடு" என்பதாகும். திருப்பாடுகள் என்பர், பாடுபட்ட சுரூபம் என்பர். உபத்திரவம், வேதனை, வியாகுலம் என வடசொற்கள் பல கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இச்சிறு தமிழ்ச் சொல்லே மக்கள் நாவில் நிலைத்தது. இதன் பொருத்தத்தை மாணவர்க்கு எடுத்துக் காட்டுவது என் வழக்கம். "பாடுபட்டான்" என்றால் துன்புற்றான் என்பதும் பொருள்; உழைத்தான் என்பதும் பொருள். வயலிலே பாடுபட்டவன் நொந்தவன் மாத்திரமல்லன், விளைவித்தவனும் ஆவான்.

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்று மேடையிலே சொல்லுதல் எளிது. சாவீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, "எல்லாம் கடவுளின் சோதனை" என்று கூறிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவோரை நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். அவ்வார்த்தை துயருற்றவன் நெஞ்சிலே கல்லாய் விழுவதையும் கண்டிருக்கிறேன். நெருப்பிலிட்ட பொன் என்னும் உவமையைத் திருவள்ளுவர் தவம் என்ற அதிகாரத்திலே ஆண்டார். பேதுரு அப்போஸ்தலரும் தம் முதல் நிருபத்திலே ஆண்டார். உவமை அழகியதுதான். ஆனால் நெருப்பிற் புகுந்தன எல்லாம் பொன்னாய் மீள்வதில்லை. விறகு கரியாகும், மெழுகு உருகியோடும். பொன்னேயாயினும் தட்டான் பக்கத்திலே இருந்து ஊதவும் எடுக்கவும் வேண்டும். ஆகவே துன்பத்தைப் புகழ்வதை விட்டு, துன்பகாலத்திலே மக்கள் யாது செய்தனர் என்று பார்ப்பதே தக்கது. அதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் ஈழநாட்டு வரலாறே போதும்.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஒல்லாந்தச் சபையின் பதிவேட்டிலே திருமுழுக்கும் விவாகமும் பதிந்தாலன்றிப் பிள்ளைக்குச் சொத்துரிமை இல்லை என்ற நிலையும் வந்தது. வாளினும் இந்தப் பதிவேடே கூரியது என்பது என் கருத்து. வாளுக்கு ஒருநாள் அஞ்சலாம், பதிவேட்டுக்கோ தலைமுறை தலைமுறையாக அஞ்சவேண்டும்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் முறையன்று. போர்த்துக்கீசர் ஆண்ட காலத்திலே நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் திருக்கோணேச்சரமும் இடிக்கப்பட்டன. சைவர்கள் விரதநாளில் உணவுண்ட வாழையிலையை அயலார் காணாதபடி கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்று யாழ்ப்பாணத்து முதியோர் வழிவழியாகச் சொல்வர். அன்று இலையை ஒளித்தவன் சைவன்; பின்னர்ச் செபமாலையை ஒளித்தவன் கத்தோலிக்கன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவும் பூசையும் இன்றிக் கழிந்தன. 1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் வந்தார். கூலியாள் போல உடுத்து, வெறுங்காலோடு வந்தார். நோய்வாய்ப்பட்டு வழியோரத்திலே கிடந்தார். பின்பு கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகின்றதோ அவரே தாம் தேடும் மந்தை என்பது அவர் கண்ட உபாயம். சில்லாலை என்னும் ஊர் அவருக்குத் தங்குமிடம் கொடுத்தது. முப்பது ஆண்டு மறைத்து வைத்த செபங்கள் அங்கே வாய்மொழியாக வாழ்ந்துகொண்டிருந்தன. தாய் சொல்லப் பிள்ளை கேட்டு மனனஞ் செய்தவை அவை. ஏட்டைப் பறிக்கலாம், நெட்டுருப் பண்ணியதை எவன் பறிப்பான்? மனனஞ் செய்வித்தலை இழிவாகப் பேசும் இக்காலத்து ஆசிரிய நண்பர்கள் இதனைச் சற்றே நினைவிற் கொள்ளலாம்.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, பூசைக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். முனிவர் தப்பினார்; அவரை நம்பி வந்தோர் தப்பவில்லை. தொன் பேதுரு என்பவர் அடியுண்டு உயிர் துறந்தார். தாம் பிழைத்துத் தம் பொருட்டு மற்றவர் மாண்டனர் என்னும் நினைவைச் சுமந்துகொண்டு முனிவர் புத்தளம் சென்று, 1692 இல் கண்டியை அடைந்தார். அங்கேயும் வரவேற்பு விலங்குதான். அரசவையிலே இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவரைப் போர்த்துக்கீச ஒற்றர் என்று மூட்டிவிட, சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார்.

இனிக் கூறப்போவதே எனக்கு இவ்வரலாற்றின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. 1697 இல் கண்டியிலே பெரியம்மை பரவியது. நோய் கண்டவர்களை அவர்தம் உறவினரே காட்டிலே கொண்டுபோய் விட்டு ஓடினர். முனிவரும் அவர் உறவினரான யோசேப் கார்வாலோ அடிகளும் அவர்களைத் தேடிச் சென்றனர். குடில் கட்டினர், கஞ்சி ஊட்டினர், புண் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். நோயாளி கத்தோலிக்கனா பௌத்தனா என்று கேட்டாரில்லை. பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் இதனைக் கண்ணாரக் கண்டான். அவன் ஆதரவு உறுதிப்பட்டது. பட்ட பாட்டையே பிறர்க்குப் படும் பாடாக மாற்றியவர் முனிவர். சிறையிலே அடைபட்டு வெந்த ஒருவர் தம் புண்ணையே நக்கிக்கொண்டு கிடந்திருந்தால் யார் குறை கூறியிருப்பார்? அவர் 1711 ஜனவரி 16 இல் கண்டியிலே இறந்தார். 2015 இல் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவருடைய பணியைத் தொடர்ந்தவருள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளைத் தமிழாசிரியன் என்ற முறையில் நான் வணங்குகிறேன். கொங்கணி வழங்கும் கோவாவிலே பிறந்து, 1705 இல் இங்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் இயற்றியவர் அவர். ஒல்லாந்தரிடம் அச்சுக்கூடம் இருந்தது. இவரிடம் ஏடும் எழுதுவோரும் இருந்தனர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் உரைநடைதான். எனினும் தபசுகாலத்திலே அதனை இராகத்தோடு ஓதக் கேட்டவர் அதனை உரைநடை என்று சொல்லத் துணியார். குரு இல்லாத ஊர்களிலே மூப்பரும் அண்ணாவிமாரும் செபத்தை நடத்த, மக்கள் அழுது ஓதி வளர்ந்தனர். 1806 இல் ஆங்கிலேயர் தடைகளை நீக்கியபோது, ஒல்லாந்தர் ஏட்டிலே ஒல்லாந்தச் சபையார் என்றிருந்தோர் பலர் கத்தோலிக்கராகவே வெளிவந்தனர்.

யோசேவாஸ் முனிவர் பிறந்த நாள் 1651 ஏப்ரல் 21. நாட்பொருத்தங்களிலே எனக்கு நாட்டமில்லை. ஆயினும் 2019 ஏப்ரல் 21 என்று எழுதும்போது கை சற்று நிற்கிறது. அந்த உயிர்த்த ஞாயிறு காலையிலே கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டனர். கொச்சிக்கடைக் கோவிலே ஒல்லாந்தர் காலத்தில் வணிகர் வேடத்திலே மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குருவின் மண்குடிலிலிருந்து தோன்றியது என்பது மரபு.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28 அன்று, கோவில்களிலே பொதுப் பூசை இல்லை. கர்தினால் தம் இல்லத்திலே ஒப்புக்கொடுத்த பூசை தொலைக்காட்சியிலே காட்டப்பட்டது. நுகேகொடையிலே எங்கள் ஒழுங்கையிலும் அன்று கதவுகள் சாத்தியிருந்தன. அயலிலே ஒரு சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம் தொலைக்காட்சியின் முன்னே மெழுகுதிரி ஏற்றி முழந்தாளிட்டிருந்ததைச் சன்னல் வழியே கண்டேன். சில்லாலையின் பூட்டிய வீடுகள் என் நினைவுக்கு வந்தன.

அந்நெருப்பிலே கரியும் விளைந்தது. மே மாதத்திலே வடமேற்கிலும் மினுவாங்கொடையிலும் குற்றமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் வேண்டிக்கொண்டார். அதனைக் கேட்டோரும் உளர், கேளாதோரும் உளர். துன்பம் தானாகவே மனிதனைத் திருத்திவிடும் என்போர் இந்த மே மாதத்துக்கு என்ன விடை சொல்வர்?

கொச்சிக்கடைக் கோவில் 2019 ஜூன் 12 இல், அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளிலே முன்போலவே எல்லா மதத்தவரும் அங்கே வருகின்றனர். பொறுமை என்பது வாய்பொத்தி இருத்தல் என்று அம்மக்கள் எண்ணவில்லை. பிள்ளைகளை இழந்த தந்தையும், குருமாரும், சட்டத்தரணிகளும் உயர் நீதிமன்றத்திலே முறையிட்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்போடு அவர்கள் வீடு திரும்பிவிடவில்லை. ஏப்ரல் மாதம் வருந்தோறும் மெழுகுதிரி ஏற்றிச் செபித்துவிட்டு, முழு உண்மையும் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.