பெட்ரோல் கார் டீசல் வண்டிக்கு உயிர் கொடுக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு ஜனவரி மாசக் காலையில ஆரம்பிக்குது. இடம் பூம்பாறை. கொடைக்கானலைத் தாண்டி இருக்கிற, பூண்டுக்குப் பேர்போன மலைக்கிராமம். மணி ஆறரை, நல்ல குளிர். பெரியப்பாவோட டீசல் எஸ்யூவியில சாவியைத் திருப்பினா 'டிக் டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வருது. செல்ஃப் எடுக்கல.

ராத்திரி பார்க்கிங் லைட்டை அணைக்காம விட்டது நான்தான். பேட்டரிக்கும் நாலு வயசு ஆயிடுச்சு. வண்டி ஆட்டோமேட்டிக், அதனால தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. மத்தியானம் மூணு மணிக்கு மதுரையில பெரியப்பாவுக்கு டயாலிசிஸ். அவர் எதுவும் சொல்லல, வாட்சை மட்டும் பார்த்தார்.

அங்கே வேற ரெண்டு வண்டி நின்னுச்சு. ஒண்ணு, பூண்டு மூட்டை ஏத்த வந்த பெரிய லாரி. இன்னொண்ணு, பக்கத்து ரூம்ல தங்கியிருந்த கோயம்புத்தூர் தம்பதியோட சின்ன பெட்ரோல் கார். பெரிய வண்டின்னா பெரிய பேட்டரிதானேன்னு நேரா லாரி டிரைவர் அண்ணன்கிட்ட போனேன்.

"தம்பி, இது 24 வோல்ட். உங்களுது 12. குடுத்தா உங்க வண்டியில எலக்ட்ரிக்கல் எல்லாம் போயிரும். அந்தச் சின்னக் கார்ல எடுங்க" என்றார்.

அந்தக் காரோட ஓனருக்கோ வேற பயம். "ப்ரோ, என்னுது பெட்ரோலாச்சே. டீசலுக்குக் குடுத்தா என் காருக்கு ஒண்ணும் ஆகாதே?"

எரிபொருள் முக்கியமில்லை, வோல்ட்தான் முக்கியம்

கார் பெட்ரோலில் ஓடினாலும் டீசலில் ஓடினாலும் பேட்டரி பெரும்பாலும் அதே 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிதான். உள்ளே ஆறு செல்கள். முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதனால் பெட்ரோல் கார் டீசல் காருக்குத் தாராளமாகக் கரண்ட் கொடுக்கலாம். பெரிய லாரி, பஸ்ஸில்தான் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதை 12 வோல்ட் காரில் மாட்டவே கூடாது.

அப்போ வித்தியாசமே இல்லையா? இருக்கு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது என்றால், டீசல் பதினாறில் ஒரு பங்கு, அதற்கும் மேலே போகும். இவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு நிறைய ஆம்பியர் வேண்டும். போதாக்குறைக்கு ஸ்டார்ட் ஆகும் முன்னாடியே ஹீட்டர் பிளக் தன் பங்குக்குக் கரண்ட் இழுக்கும். குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும், பேட்டரியும் சோர்ந்துவிடும்.

சின்ன பெட்ரோல் காரில் 35 ஆம்பியர்-அவர் அளவு பேட்டரி இருக்கும். டீசல் எஸ்யூவியில் அதைப்போல இரண்டு மடங்கு. சின்னவர் தனியாளா அந்தப் பெரியவரைத் தூக்கி நிறுத்த முடியாது. ஆனா கொஞ்சம் கொஞ்சமா தெம்பு ஏத்த முடியும்.

நாங்க பண்ணின ரெண்டு தப்பு

முதல் தப்பு, கேபிள். அந்தக் கார் டிக்கியில இருந்தது மெல்லிசு. மாட்டின உடனே சாவியைத் திருப்பினேன். அதே 'டிக் டிக்'. கேபிள் கையில சுட்டுச்சு. கணக்கு சிம்பிள்: கேபிளோட மின்தடை 0.01 ஓம்தான்னு வச்சுக்கோங்க. 200 ஆம்பியர் ஓடினா வழியிலேயே 2 வோல்ட் காலி. கேபிள் வாங்கும்போது வெளியே இருக்கிற ரப்பர் பருமனைப் பார்த்து ஏமாறாதீங்க, உள்ளே இருக்கிற செம்போட பருமனைக் கேளுங்க. டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் இருந்தா நல்லது.

ரெண்டாவது தப்பு, அவசரம். லாரி அண்ணன் தன்னோட தடிமனான கேபிளைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை கறுப்பு கிளிப்பை எங்க பேட்டரி மைனஸ்ல வைக்கப் போனேன். சட்டுனு கையைப் பிடிச்சு நிறுத்தினார்.

காரணம் இதுதான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி கிளிப்பை மாட்டும்போது ஒரு பொறி தெறிப்பது சகஜம். அந்தப் பொறி பேட்டரிக்கு மேலேயே தெறித்தால் அது வெடிக்கலாம், ஆசிட் முகத்தில் அடிக்கலாம். குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தது என் முகம்.

வரிசை

முதல்ல ரெண்டு வண்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம நிறுத்தி, ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஒழுகினாலோ அதைத் தொடவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

1. சிவப்பு கிளிப், செத்த பேட்டரியோட பிளஸ்ல.
2. சிவப்போட மறுமுனை, நல்ல பேட்டரியோட பிளஸ்ல.
3. கறுப்பு கிளிப், நல்ல பேட்டரியோட மைனஸ்ல. அந்தக் கார் மேனுவல்ல தனியா எர்த் பாயின்ட் காட்டியிருந்தா, அங்கே.
4. கறுப்போட மறுமுனை, நின்னுபோன வண்டியோட இன்ஜின்ல பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்புல. பேட்டரியை விட்டுத் தள்ளி.

இப்போ உதவுற காரை ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு 1500 ஆர்பிஎம் பக்கம் வச்சு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. டீசலுக்கு இதுதான் உயிர்நாடி. அந்த நேரத்துல செத்த பேட்டரி கொஞ்சம் சார்ஜ் ஏறி, அதுவும் ஒரு கை கொடுக்கும்.

அப்புறம் சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்பி, ஸ்பிரிங் மாதிரி இருக்கிற மஞ்சள் ஹீட்டர் விளக்கு அணையுற வரைக்கும் காத்திருந்து செல்ஃப் அடிங்க. பத்து விநாடிக்கு மேல வேண்டாம். எடுக்கலையா? ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி.

ஸ்டார்ட் ஆனதும் கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசை: 4, 3, 2, 1. கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசவிடாதீர்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் என்றால் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

பதினஞ்சு நிமிஷம் காத்திருந்தோம். அதுதான் அன்னைக்கு ரொம்பக் கஷ்டமான வேலை. சாவியைத் திருப்பினேன். ரெண்டு தடவை முக்கி, மூணாவது சுத்துல இன்ஜின் பிடிச்சிருச்சு. கோயம்புத்தூர் நண்பரோட காருக்கு ஒண்ணும் ஆகல.

வத்தலக்குண்டுல டீக்கு நிறுத்தினப்பகூட நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், இன்ஜினை அணைக்கல. மதுரைக்கு ரெண்டு மணிக்குள்ள வந்துட்டோம். பெரியப்பா உள்ளே போன நேரத்துல நான் பேட்டரி கடைக்குப் போனேன். டெஸ்ட் பண்ணிட்டு, மாத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. ஜம்ப் ஸ்டார்ட் அன்னைக்கு வீடு போய்ச் சேர உதவும். பேட்டரி ஏன் செத்துச்சுன்னு பார்க்கிறது நம்ம வேலை.

உங்க வண்டி பேட்டரிக்கு மூணு வயசு தாண்டிடுச்சுன்னா, மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. டிக்கியில ஒரு நல்ல கேபிள் போட்டு வைங்க. உங்களுக்கு இல்லைன்னாலும் ரோட்டுல நிக்கிற யாருக்காவது ஆகும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!