நிறையும் மதிப்பும்

கருவறையில் எழுந்தருளியிருக்கும்போது மூர்த்தியென்றும், நூதனசாலையில் நிறுத்தும்போது கலைப்பொருளென்றும் நாம் போற்றும் ஒன்று, பெட்டியில் இடப்பட்டு விமானத்திலோ கப்பலிலோ ஏறியவுடன் வேறு பெயர் பெறுகின்றது. அப்பெயர் சரக்கு. சரக்குக்குரிய சட்டமே அப்போது அதனை ஆளும். பொலனறுவைச் சிவ விக்கிரகங்களைக் கொழும்பு நூதனசாலையிற் கண்டு வியந்த அன்பர் பலர். நம் நாட்டு நூதனசாலைகளின் பௌத்த, இந்துப் படிமங்கள் 1992ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்துச் சாக்ளர் கலைக்கூடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்ட செய்தியை அறிந்தோரும் உளர். அவற்றுக்கு வழியில் ஊறு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளி யாவர் என்று எண்ணியவர் மிகச் சிலரே. யானும் பழந்தமிழ் நூல்களோடு பழகியவனேயன்றிச் சட்ட நூல் கற்றவன் அல்லன். ஆயினும் ஒரு தேவைபற்றி இதனை ஆராய நேர்ந்தது.

கொட்டாஞ்சேனையில் யான் அங்கம் வகிக்கும் சிறு சபையொன்றிடம் நூறாண்டுக்கு மேற்பட்ட தஞ்சாவூர்ப் படமொன்றும் சில ஏட்டுச்சுவடிகளும் உள்ளன. கனடாவில் வாழும் தமிழன்பர் சிலர் தம் விழாவிற் காட்சிக்கு வைத்துத் திருப்பித் தருவதாகக் கூறி அவற்றைக் கேட்டனர். சபையார் மகிழ்ந்தனர். "பத்திரமாகக் கொண்டுபோவார்கள், எங்கடை பிள்ளைகள்தானே" என்றார் ஒரு பெரியவர். அவருடைய நம்பிக்கையை யான் குறைகூறேன். ஆனால் வெள்ளவத்தையில் உள்ள என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது என் நினைவுக்கு வந்தது. அவர் தம் மகளுக்கு விமானமூலம் அனுப்பிய படமொன்று போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடி நொறுங்கிப் பொற்றகடு கீறுண்டிருந்தது. நட்டஈடு கேட்டார், கிடைத்தது. ஆனால் அத்தொகை படத்தின் மதிப்பைக் கொண்டன்றி அதன் நிறையைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்தது. "பண்டிதர், சாமி படத்தைத் தராசிலை வைச்சுக் காசு தந்திருக்கிறாங்கள்" என்றார் அவர்.

இதில் வஞ்சனை யாதும் இல்லை. 1929ஆம் ஆண்டு வார்சோ உடன்படிக்கையும், அதன் வழிவந்த 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையும் வகுத்த முறை அது. ஒரு கிலோவுக்கு இத்துணை என்ற எல்லைக்கு மேல் விமானத்தார் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். மொன்றியல் உடன்படிக்கையில் 17 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகளாய் இருந்த அவ்வெல்லை, படிப்படியாய் உயர்ந்து 2024 டிசெம்பர் 28 முதல் 26 அலகுகளாயிற்று. இருபத்தாறு அலகு ஏறத்தாழ 35 அமெரிக்க டொலர். இக்கணக்கின்படி 40 கிலோ நிறையுள்ள வெண்கலப் படிமத்துக்கு 1,040 அலகுகள். ஒரு கிலோவும் தேறாத ஏட்டுச்சுவடிக்கு 26 அலகுதானும் இல்லை. அச்சேறாத நூலொன்றின் ஒரே பிரதியாக அச்சுவடி இருப்பினும் கணக்கு மாறாது. பனையோலை இத்துணை இலேசாய் இருப்பது நாம் செய்த தவக்குறைபோலும்! கப்பல் வழிக்கும் 1924ஆம் ஆண்டு ஹேக் விதிகளும் அவற்றின் 1968ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய எல்லை கட்டியுள்ளன.

எல்லையைக் கடக்க வழி உண்டு. பொருளை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்கப்படும் மேலதிகக் கட்டணத்தைச் செலுத்தினால், அறிவித்த தொகைவரை விமானத்தார் பொறுப்பாவர். எனினும் அனுப்புவோர் கட்டிய பொதி குறைபாடுடையதாயின், அல்லது பொருளின் உள்ளியல்பாலேயே கேடு விளைந்ததாயின், அப்பொறுப்பும் நீங்கும். காப்புறுதிப் பத்திரங்களும் பெரும்பாலும் இவ்விரண்டையும் விலக்கியே எழுதப்படுகின்றன.

உள்ளியல்பு என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். தஞ்சாவூர்ப் படம் மரப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி, கல் பதித்து, பொற்றகடு ஒட்டி எழுதப்படுவது. கொழும்பின் கடற்காற்றில் ஈரம் உண்டு வாழ்ந்த பலகை, பனிக்காலத்துக் கனடாவிலே சூடேற்றிய மண்டபத்தில் வைக்கப்படின் உலர்ந்து சுருங்கும். மேற்பூச்சு அதனோடு ஒத்துச் சுருங்காது. வெடித்துச் செதிள் செதிளாக எழும். எவரும் படத்தைக் கீழே போடவில்லை. எதுவும் அதன்மேல் மோதவில்லை. யாரிடம் சென்று முறையிடுவது? ஆதலின் பெட்டி செய்வோனே இதில் முதற் காவலன். அதிர்ச்சி தாங்கும் மெத்தை இட்டு, உள்ளே ஈரநிலை மாறாதவாறு பொதிந்து அனுப்புவர் நூதனசாலையார். பெட்டி சென்றடைந்த பின்னரும் உடனே திறவாமல், ஒரு நாளேனும் புதிய இடத்தின் வெப்பநிலையோடு பழகவிட்டே திறப்பர். நாமோ பழைய சேலை சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே "கவனம்" என்று எழுதுகின்றோம்.

கலைப்பொருளுக்கெனத் தனியே எழுதப்படும் காப்புறுதி, சுவரிலுள்ள ஆணியிலிருந்து கழற்றும் வேளைமுதல் மீண்டும் அதே ஆணியில் மாட்டும் வேளைவரை செல்லும். ஆங்கிலேயர் அதனை ஆணிக்கு ஆணி என்றே வழங்குவர். மதிப்பு எவ்வளவு என்பதை இருதிறத்தாரும் முன்னரே இணங்கி எழுதிக்கொள்வதால், பின்னர் வாதாட இடமில்லை. செப்பஞ்செய்யும் செலவோடு, செப்பஞ்செய்த பின்னரும் எஞ்சும் மதிப்புக் குறைவுக்கும் ஈடு பெறும்படி எழுதலாம்.

பணம் எதனை மீட்கும் என்பது வேறு கேள்வி. 1917இல் பாட்னாவை அடுத்த தீதார்கஞ்சில் கங்கைக் கரையிற் கிடைத்த இயக்கியின் சிலை, இந்திய விழாவுக்காக அமெரிக்கா சென்ற பயணத்திலே முகத்திற் புதிய சிதைவு பெற்றது. அதனை எந்த நட்டஈட்டாலும் ஆற்ற முடியாது. இனி வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்ற முடிவே மிஞ்சியது. 1962இல் மோனா லீசா ஓவியம் அமெரிக்கா செல்லுமுன் அதன் மதிப்பு 10 கோடி டொலர் எனக் கணித்தனர். காப்புறுதிக் கட்டுப்பணத்தினும் காவற்செலவு குறைவென்று கண்டு, காப்புறுதி இன்றியே அனுப்பினர். இத்தகைய இடர்ப்பாட்டினாலேயே அமெரிக்கா 1975இலும் பிரித்தானியா 1980இலும் அரசே ஈடு தரும் முறையைச் சட்டமாக்கின.

உடைதல் ஒன்றே கேடு அன்று. தஞ்சை நாட்டுச் சிவபுரம் நடராசர் படிமம் 1950களிற் செப்பஞ்செய்வதற்கென ஒரு சிற்பியிடம் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது போலிப் படிமம். அது போலியென்பதை 1965இல் டக்ளஸ் பரெற் என்னும் ஆங்கில அறிஞர் தம் நூலில் எழுதிய பின்னரே உலகறிந்தது. உண்மைப் படிமத்தை 1973இல் அமெரிக்கச் செல்வர் நோர்ட்டன் சைமன் 9 இலட்சம் டொலருக்கு வாங்கினார். வழக்காடி மீட்க 1986 ஆயிற்று. கொடுக்கும் நாளிலே அளவு, நிறை, வடு, கீறல் ஆகியவற்றை எழுதிப் படமும் எடுத்து இருவரும் கையொப்பமிட்டிருந்தால், திரும்பிய நாளிலேயே வேறுபாடு வெளிப்பட்டிருக்கும். காப்புறுதிக் கம்பனியார் முதலிற் கேட்பதும் அப்பதிவேட்டையே.

இவற்றையெல்லாம் சபையில் எடுத்துரைத்தேன். நீண்ட வாதத்தின் பின் சுவடிகளை அனுப்புவதில்லை என்றும், அவற்றின் நிழற்படங்களை அனுப்புவதென்றும் முடிவாயிற்று. படம் செல்லலாம். ஆனால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி தேவையா என்பதை முதலில் எழுதிக் கேட்டல் வேண்டும்; அனுமதியின்றிக் கடத்தியதாக முடிந்தால் எக்காப்புறுதியும் பயன்படாது. கட்டுப்பணமும் பெட்டிச் செலவும் கேட்டவரைச் சாரும். இவற்றைக் கடிதமாக எழுதிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டோம். கடிதத்தில் மதிப்பைக் குறிக்கும் இடம் மட்டும் நிரப்பப்படவில்லை. பெரியவர் ஒரு தொகை சொன்னார். பொருளாளர் அதனினும் பத்து மடங்கு சொன்னார். இருவரும் கணக்கறியார். பழைய ஓவியங்களை மதிப்பிட்டுப் பழகிய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.