குளிரில் மோட்டார் துள்ளுமா, திணறுமா?

விடியற்காலை ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "காலையில வண்டி நல்லா இழுக்குது, மத்தியானம்தான் சோர்ந்து போயிடுது" என்பார்கள். அது வெறும் பிரமை இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. என்ஜின் ஒவ்வொரு முறை உள்ளிழுக்கும் காற்றிலும் ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இருக்கும். 34 டிகிரி வெயிலைவிட 24 டிகிரி விடியலில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு அதிகம். எட்டுக் குதிரைத்திறன் கொண்ட காப்சாய்க்கு அது கால் குதிரைத்திறன்தான். மீதித் துள்ளல், சாலை காலியாகக் கிடப்பதால் வருகிறதோ என்னவோ!

இந்தக் கணக்கை நம்பித்தான் சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய இஎக்ஸ்5 வண்டியில் கேமரன் மலைக்குக் கிளம்பினேன். அது கார்புரேட்டர் வண்டி. கூட வந்த நண்பனுடையது எஃப்ஐ. மேலே 20 டிகிரிதான், வண்டி பறக்கும் என்று நினைத்தேன். தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் அருவி வரை பிழையில்லை. ரிங்லெட்டைத் தாண்டியதும் மூன்றாவது கியரே கனத்தது. தானா ராத்தாவில் புகைபோக்கியிலிருந்து கரும்புகை.

நான் மறந்தது உயரத்தை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. குளிர் திருப்பிக் கொடுப்பது நான்கைந்து விழுக்காடுதான். கூட்டிக் கழித்தால் என்ஜினுக்குக் கிடைக்கும் காற்று 10 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று மெலிந்த பிறகும் பெட்ரோலைத் தாராளமாகவே ஊற்றும். அதனால்தான் கரும்புகையும் திணறலும். எஃப்ஐ வண்டியில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார், பெட்ரோலைக் குறைத்துவிடும். ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. நண்பனின் வண்டியும் மேட்டில் சோர்ந்தது, புகை மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை வேறு தொல்லை. பத்துப் பன்னிரண்டு முறை உதைத்தும் வண்டி உயிர் பெறவில்லை. பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாக வேண்டும். குளிரில் அது சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும், வண்டி பிடித்துக்கொள்ளும். நானோ பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கி முறுக்கி உதைத்தேன். கீழே கோலாலம்பூரில் சோக்கைத் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும்!

வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கிருந்த ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே கார்புரேட்டரைப் பிரித்துச் சிறிய ஜெட் ஒன்றை மாட்டினார்கள். பெட்ரோல் குறைந்தது, புகை நின்றது. பிரிஞ்சாங் வரை வண்டி அழகாக ஏறியது. பணம் கொடுத்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் ஒரு மணிக்கு மலையிறங்கி, தாப்பாவிலிருந்து ஈப்போ நோக்கிப் பழைய சாலையில் திரும்பினோம். இப்போது 33 டிகிரி வெயில், அடர்ந்த காற்று, ஆனால் மலைக்கென்று மாட்டிய சின்ன ஜெட். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். காற்றால் மட்டுமே குளிரும் சின்ன என்ஜினுக்கு அது ஆபத்து. கம்பாரை நெருங்கும்போது வண்டி இழுவை இழந்து, டக் டக்கென்று தட்டத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

கம்பாரில் ஒரு பெரியவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரியே இல்லாமல் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"தம்பி, மேல கார்புரேட்டர்ல கை வச்சாங்களா?"

"ஆமாண்ணே, ஜெட்டை மாத்தினாங்க."

"இன்னும் பத்து மைல் இப்படியே முறுக்கியிருந்தா பிஸ்டன் பிடிச்சிருக்கும்."

பிஸ்டன் பிடித்தால் செலவு மட்டுமில்லை. ஓடும் வேகத்தில் பின் சக்கரமே இறுகி, ஓட்டுகிறவரைத் தூக்கி எறிந்துவிடும். நல்லவேளை, கழற்றிய பழைய ஜெட்டைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருந்தேன். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து அதையே திரும்ப மாட்டினார்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை அதே வண்டியில் மேலே போயிருக்கிறேன். காலையில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், சோக்கை இழுத்து உதைப்பேன். என்ஜின் ஒரு நிமிடம் ஓடியதும் சோக்கைத் தள்ளிவிடுவேன். சோக்கை அப்படியே விட்டு ஓட்டினால் பிளக் கரி பிடிக்கும், பெட்ரோலும் வீண். முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகத்தான். பழைய பேட்டரி குளிரில் இன்னும் சோம்பும் என்பதால் ஸ்டார்ட்டர் பட்டன் உள்ளவர்களும் உதைப்பதே நல்லது. கேமரன் குளிருக்காக எண்ணெயை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. 16 டிகிரிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மேட்டில் ஒரு கியர் குறைத்து ஏறுகிறேன். கொஞ்சம் புகை வரும், வரட்டும். கார்புரேட்டரில் மட்டும் யாரையும் கை வைக்க விடுவதில்லை.