உச்சிக்குழி

குளிப்பாட்டித் துவட்டிய கைக்குழந்தையை மடியில் கிடத்தி, அதன் உச்சந்தலையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். மெல்லிய முடிக்கு அடியில் சாய்சதுரமாக ஓர் இடம் ஏறி ஏறி இறங்கும். இதயத் துடிப்பு தலையில் தெரிகிறது. நம் பாட்டிமார் உச்சிக்குழி என்பார்கள். அங்கே எலும்பு கிடையாது.

வல்னரபிலிட்டி என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வருகிறது. காயத்தைக் குறிக்கும் வுல்னஸ் என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது அது. காயம்படக்கூடிய தன்மை என்று பொருள். புயல், வெள்ள அறிக்கைகளில் 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய பகுதி' என்று எழுதுகிறோம். கணினித் துறையில் 'பாதுகாப்பு ஓட்டை' என்கிறார்கள். மனிதரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சட்டென்று 'பலவீனம்' என்றுவிடுகிறோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. வர்மம் கற்ற ஆசானைக் கேளுங்கள்: எத்தனை பெரிய பயில்வானாக இருந்தாலும் அவன் உடம்பிலும் தட்டக்கூடாத இடங்கள் உண்டு என்பார். அவனை யாரும் பலமில்லாதவன் என்று சொல்வதில்லை.

பழந்தமிழில் 'ஊறு' என்றொரு சொல் இருக்கிறது. திருக்குறளில் ஓரிடத்தில் ஐம்புலன்களில் ஒன்றான தொடுவுணர்வுக்கு அந்தப் பெயர். வேறோர் இடத்தில் வினைக்கு வரும் இடையூறுக்கும் அதே பெயர். தொடுகையும் தீங்கும் ஒரே சொல்லுக்குள். இரண்டும் வெளியிலிருந்து வந்து நம்மை உறுபவைதானே!

குழிக்கு வருவோம். பிறந்த குழந்தையின் மண்டை ஒரே ஓடு அல்ல. தனித்தனி எலும்புத் தகடுகள், இடையில் நார்த்திசு. தகடுகள் கூடும் மூலைகளில் ஆறு இடைவெளிகள் இருக்கும். முன்னுச்சியில் உள்ளதுதான் பெரியது. பிரசவத்தின்போது இந்தத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி, தலையை ஒடுக்கிக்கொடுக்கின்றன. சில குழந்தைகளின் தலை முதல் சில நாட்கள் நீண்டு கோணலாக இருப்பது அதனால்தான். 'தலை இப்படியே நின்றுவிடுமோ' என்று இளம் தாய்மார் கலங்குவார்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

வழிவிடுவதோடு இந்த இடைவெளிகளின் வேலை முடியவில்லை. பிறக்கும்போது மனித மூளையின் எடை, வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். இரண்டு வயதில் சுமார் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. தலைச்சுற்றளவு முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 35 செ.மீ.யிலிருந்து 46 செ.மீ.க்கு விரிகிறது. உள்ளே இத்தனை வேகமாக ஒன்று வளரும்போது வெளியே மூடிய பெட்டி இருந்தால் என்ன ஆகும்? தகடுகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குத் தலை ஒரு பக்கமாகக் குறுகும், சிலருக்கு உள்ளழுத்தம் கூடும். அறுவைச் சிகிச்சை செய்து, இயற்கை விடாத இடைவெளியை மருத்துவர்கள் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பயந்துபோய்த் தொடாமலே இருக்க வேண்டியதில்லை. குழியை மூடியிருக்கும் சவ்வு உறுதியானது. மெல்ல எண்ணெய் தடவலாம், தலை சீவலாம். ஆனால் கவனித்துக்கொண்டே இருங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உச்சி குழிந்து போனால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். அழாமல், நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் அது புடைத்து இறுகி நின்றால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். இரண்டுக்கும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதும் இந்தக் குழி வழியாகத்தான். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியலையை எலும்பு தடுத்துவிடும். சவ்வு உள்ளே விடும். இன்குபேட்டரில் படுத்திருக்கும் குழந்தையை அசைக்காமல், அதன் உச்சியில் ஸ்கேன் கருவியின் முனையை மெதுவாக வைக்கிறார்கள். மூளையின் பள்ளமும் மேடும் திரையில் தெரிகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதை ஒட்டி அந்த இடம் எலும்பாகிவிடும். பிறகு அந்த வழியாகப் பார்க்க முடியாது.