கப்பலைத் தேடும் கணை

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம், "ஐயா, ஏவுகணைக்குக் கண் கிடையாதே; அது கப்பலை எப்படிக் கண்டுகொள்கிறது?" என்று வினவினான். கலைப் பட்டதாரியாகிய எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, கப்பலைத் தாக்கும் ஏவுகணையின் வரலாறு பெரிதும் அவ்வினாவிலேயே அடங்கியிருக்கக் கண்டேன்.

தொடக்கத்தில் அக்கண் மனிதனுடையதாகவே இருந்தது. 1943இல் ஜேர்மானியர் 'ஹென்ஷல் 293' என்னும் சிறகுள்ள குண்டைப் பயன்படுத்தினர். அதன் அடியில் ஒரு ரொக்கெற் பொறி. வாலில் ஒரு சுடர். விமானத்தில் இருந்தவர் அச்சுடரைக் கண்ணால் பின்தொடர்ந்து, சிறு கைப்பிடியொன்றை அசைத்து, வானொலி அலைகளால் குண்டைச் செலுத்தினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் 'எக்ரெற்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் இதனால் மூழ்கிற்று. ஆயினும் குண்டு சென்று படும்வரை விமானம் கப்பல் தெரியும் தூரத்திலேயே பறக்கவேண்டும். நேச நாட்டினர் அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக் கற்றபின் கைப்பிடியும் வலுவிழந்தது.

ஆகவே கண்ணைக் கணைக்குள்ளேயே வைக்கவேண்டியதாயிற்று. சோவியத் நாட்டின் 'பி-15' ஏவுகணையின் மூக்கில் ஒரு ராடார் இருந்தது. அது வீசும் அலைகளை இரும்புக் கப்பல் பலமாகத் திருப்பியனுப்பும். அவ்வெதிரொலியைப் பற்றிக்கொண்டு கணை செல்லும். 1967 ஒக்ரோபர் 21இல், எகிப்தின் போர்ட் சயிட் துறைமுகத்திலிருந்த சிறு படகுகள் இக்கணைகளை ஏவி, 'ஈலாத்' என்னும் இஸ்ரேலிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 47 பேர் மாண்டனர். சிறு படகு பெருங்கப்பலை வீழ்த்திய இச்செய்தி கடற்படைகள் பலவற்றையும் கலங்கச் செய்தது.

எனினும் இக்கண்ணும் ஏமாறக்கூடியதே. உலோகம் பூசிய மெல்லிய இழைகளை வானில் தூவினால் அவையும் எதிரொலிக்கும். கணை அம்மேகத்தைக் கப்பலென மயங்கும். 1973ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேலியப் படகுகள் இத்தகைய உபாயங்களாலேயே பி-15 கணைகளிலிருந்து தப்பின.

பிரான்சில் உருவான 'எக்சோசெற்' வேறொரு வழியை நாடியது. பறக்கும் மீனின் பெயர் அதற்கு, பொருத்தமான பெயர்தான். மூக்கில் ராடார், அதன்பின் வழிகாட்டும் கருவிகள், நடுவில் 165 கிலோகிராம் வெடிதலை, பின்னே திண்ம எரிபொருட் பொறி. மூக்கிலுள்ள ராடார் தொடக்கத்திலேயே இயங்கினால் பகைவன் அறிந்துகொள்வான். எனவே பயணத்தின் பெரும்பகுதியில், பம்பரத்தின் இயல்புடைய சுழற்கருவிகளே திசை பிசகாது கொண்டுசெல்லும். இறுதியிலேதான் கண் திறக்கும். உயரத்தை அளக்கும் மற்றொரு கருவி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றருக்கு மேலெழாமல் அதனைக் காக்கும்.

தாழப் பறப்பதன் பயனைச் சிறு கணக்கால் விளக்கலாம். கப்பலின் கம்பத்தில் 20 மீற்றர் உயரத்தில் ராடார் உள்ளது. கணை 3 மீற்றர் உயரத்தில் வருகிறது. பூமி உருண்டையாதலால் ஏறக்குறைய 25 கிலோமீற்றருக்கு அப்பால் அது தென்படாது. கணையோ செக்கனுக்கு 300 மீற்றர் செல்வது. கடல் அமைதியாயிருந்து, முதற்கணத்திலேயே கண்டுகொண்டாலும், மாலுமிகளுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடமும் இல்லை.

1982 மே 4ஆம் நாள், போக்லண்ட் தீவுகளுக்கருகில், ஆர்ஜென்ரீன விமானங்கள் ஏவிய எக்சோசெற் ஒன்று 'ஷெஃபீல்ட்' என்னும் பிரித்தானியக் கப்பலைத் தாக்கியது. அவ்வேளையில் கப்பல் செய்மதி வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பே பகை ராடாரை உணரும் கருவியைச் செவிடாக்கிற்று. இழைகளைத் தூவவும் இல்லை. கணையில் எஞ்சியிருந்த எரிபொருள் தீயை வளர்த்தது. தீயணைக்கும் பிரதான நீர்க்குழாயும் உடைந்துபோயிற்று. 20 பேர் உயிரிழந்தனர். இழுத்துச் செல்லப்பட்ட கப்பல் மே 10ஆம் நாள் கடலில் அமிழ்ந்தது.