உருளைக்கிழங்கு விடுமுறை

விடுமுறை என்றவுடன் மாணாக்கராகிய நம் உள்ளம் ஓய்வையும் விளையாட்டையுமே நாடும். ஆயின், ஸ்காட்லாந்து தேசத்துப் பள்ளிகளுக்கு அக்டோபர் மாதத்தில் விடப்படும் விடுமுறையின் வரலாறு வேறு. அந்நாட்டார் அதனை இன்றும் 'டாட்டி விடுமுறை' என வழங்குவர். டாட்டி என்பது அவர்தம் பேச்சு வழக்கில் உருளைக்கிழங்கு.

1872-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் 5 முதல் 13 வயது வரையுள்ள சிறார்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. எனினும், இலையுதிர் காலத்தில் கிழங்கு முற்றியதும் வகுப்புகள் வெறுமையாயின. கடும்பனி விழுமுன் கிழங்கை எடுத்தாக வேண்டும். வேலைக்கு ஆட்களோ போதவில்லை. ஆகவே பள்ளியே வயலுக்கு வழிவிடலாயிற்று.

கதிரறுப்பின் முடிவில் விருந்தும் ஆடலும் கூடிய 'கர்ன்' என்னும் விழாவை அந்நாட்டு உழவர் கொண்டாடினர். கிழங்கெடுப்போ விழாவன்று. பெர்த், பைஃப் முதலிய பகுதிகளில், குதிரைகளும் பின்னாளில் டிராக்டரும் இழுத்த கருவி மண்ணைக் கிளறிச் செல்ல, சிறுவரும் சிறுமியரும் தத்தமக்கு அளந்துவிட்ட பங்கில் குனிந்து, கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் நிரப்பினர். விரல் விறைத்தது, முதுகு நொந்தது. பெற்ற கூலி பல இல்லங்களில் குளிர்காலக் காலணிக்கும் உடைக்கும் உதவிற்று. இன்று முதியோர் அந்நாட்களை நகைமுகத்தோடு நினைவுகூர்வர். நாம் அவ்வலியையும் உடன் நினைத்தல் வேண்டும்.

1980-களில் அறுவடை இயந்திரங்கள் பெருகவே, சிறார் பணி பெரும்பாலும் ஒழிந்தது. பெயர் மட்டும் நின்றது. அது நிற்பது நன்றே. விடுமுறைக்கு இல்லம் ஏகும் நாமும், நம் இலையில் விழும் உணவிற்காக எவர் முதுகு குனிந்தது என்று சற்றே எண்ணுவோமாக.