கோர்வைக்குக் கூலி உண்டா?

மாலை ஏழு மணி. பெரிய காஞ்சிபுரத்தில் மாமா வீட்டுக் கூடத்தில் தறிச் சத்தம் ஓய்கிறது. பாவின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டு, குழியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைக்கிறார் மாமா. பத்தடி தள்ளி, நடையை ஒட்டிய அறையில் அவர் மகள் லேப்டாப்பைத் திறக்கிறாள். திரையில் மூன்று முகங்கள். பெர்லினில் இருப்பவருக்கு மதியம் மூன்றரை. டொரொண்டோவில் இருக்கும் இருவருக்குக் காலை ஒன்பதரை. இவளோ காலை பத்து மணியிலிருந்து வேலையில் இருப்பவள்.

"அவரு எறங்குனா இவ ஏறுறா. இந்த வீட்ல ஏதாவது ஒரு தறி ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்கிறார் அத்தை.

வீட்டிலிருந்து வேலை என்பது நகரத்து ஐ.டி. ஊழியர்கள் பலருக்கு 2020 மார்ச் ஊரடங்கில்தான் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, பி.பி.ஓ. போன்ற சேவை நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. ஊழியர் வீட்டிலிருந்தும் வேலை செய்யலாம், வேறு ஊரிலிருந்தும் செய்யலாம் என்றானது. நெசவுத் தெருக்களுக்கு இது பழைய கதை. இங்கே வீடுதான் பட்டறை. சங்கத்திலோ முதலாளியிடமோ பாவும் பட்டும் வாங்கி வந்து, வீட்டில் நெய்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவதுதான் வழக்கம்.

தூரத்து ஆட்களோடு சேர்ந்து வேலை செய்வதும் புதிதல்ல. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. முறுக்கேற்றுபவர் ஒருவர், சாயம் போடுபவர் ஒருவர், டிசைன் போடுபவர் இன்னொருவர். பட்டுப்புழு வளர்த்த விவசாயியும் ஜரிகை இழுத்த தொழிலாளியும் மாமாவின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அத்தனை பேர் வேலையும் ஒரே புடவையில் வந்து சேர்ந்துவிடுகிறது.

எப்படிச் சேர்கிறது என்பதுதான் விஷயம். காஞ்சிப் புடவையின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரண்டு பக்கமும் கரை வேறு நிறம். அதற்குக் குறுக்கு இழையான ஊடையை ஓட்டும் நாடா மூன்று வேண்டும். நெய்பவர் இரண்டைப் பார்த்துக்கொள்ள, மூன்றாவதைத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவர் வீசுவார். கரையின் ஊடை வந்து நிற்கும் இடத்தில் உடலின் ஊடை அதோடு கொக்கி போலப் பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் இதே கதைதான். பின்னல் சரியாக விழுந்தால் புடவை நைந்து கிழிந்தாலும் கரை தனியாகக் கழன்று வராது. ஓர் இழை தவறினால் உட்கார்ந்து பிரித்து எடுக்க வேண்டியதுதான். ஒரே ஊடையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கரையின் நிறமும் கலங்கிவிடும்.

மகளின் வேலையிலும் கோர்வை இருக்கிறது. மென்பொருளில் இவள் பகலெல்லாம் பிழை பார்க்கிறாள். இவள் விட்ட இடத்திலிருந்து கனடாக்காரர் தொடர்கிறார். அவர் தூங்கப் போகும் நேரம் இங்கே காலை. அதனால் லேப்டாப்பை மூடுமுன் இவள் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறாள்: என்ன முடிந்தது, எது நிற்கிறது, எங்கே சந்தேகம். ஒருநாள் அசதியில் "கிட்டத்தட்ட முடிந்தது" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டாள். அங்கே இருப்பவர் முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு மேலே கட்டினார். இரண்டு நாள் வேலையைப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. கதையைக் கேட்ட மாமா, "கோர்வை உட்டுப்போச்சு" என்றார். அவ்வளவுதான்.

இப்படிக் கைமாறும் வேலைக்கு இந்த ஊரில் இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவே இருக்கிறது குமரகோட்டம். அங்கே பூசை செய்துவந்த கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடியபோது, அன்றன்று எழுதிய நூறு பாடல்களை இரவில் முருகன் சந்நிதியில் வைத்து நடையைச் சாத்திவிட்டுப் போவாராம். காலையில் திறந்தால் ஏட்டில் திருத்தம் இருக்குமாம். அரங்கேற்றத்தில் முதல் சொல்லின் புணர்ச்சிக்கே இலக்கணம் எங்கே என்று சபை மடக்கியது. சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை எடுத்துக் காட்டி வழக்கை முடித்தார் என்பது கர்ண பரம்பரை. எழுதுபவர் தூங்கும்போது திருத்துபவர் விழித்திருப்பதும், உள்ளூரில் கிடைக்காத விடை வெளியூரிலிருந்து வருவதும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தக் கந்தபுராணத்தை இன்று கைபேசியில் படிக்க முடிகிறது. அதற்கும் ஒரு கண்காணாக் குழுதான் காரணம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொரு நாட்டில் வேறொருவர் மெய்ப்புப் பார்க்க, மின்னஞ்சலில் கோப்புகள் கைமாறின. தமிழுக்கு ஒரே எழுத்துருக் குறியேற்றம்கூட நிலைபெறாத காலம். யூனிகோடு பரவலாகுமுன்பே டிஸ்கி என்ற குறியேற்றத்தில் வேலை நடந்தது. ஒருவரை ஒருவர் நேரில் பாராமலே சங்க இலக்கியத்திலிருந்து இக்கால நூல்கள்வரை ஏற்றிவிட்டார்கள். யாரும் சம்பளம் கேட்கவில்லை. அது தமிழுக்குச் செய்த தொண்டு.

தொண்டில் கணக்குப் பார்க்க மாட்டோம். வேலையில் பார்த்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல்.

நம் கடிகாரம் ஆண்டு முழுக்க ஒரே ஓட்டம். அமெரிக்காவின் பெரும்பகுதியும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கின்றன. ஐரோப்பாவுக்கு மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. ஆக, அவர்கள் ஒன்பதரையை மாற்றாமல் இருந்தால் நவம்பரில் இவளுடைய ஏழு மணிக் கூட்டம் எட்டு மணிக் கூட்டமாகிவிடுகிறது. எட்டுக்கு ஆரம்பித்தது ஒன்பதரைக்கு முடியும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் நேரத்தை வளைக்க வேண்டிய கட்டம் வரும்போதெல்லாம் வளைவது காஞ்சிபுரத்துச் சாயங்காலமாகவே இருக்கிறது. அந்த நேரம் சம்பளச் சீட்டின் எந்த வரியிலும் இல்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தக்காரராக வேலை செய்கிறவர்களுக்கோ பி.எஃப். பிடித்தமும் கிடையாது, நிறுவனம் கொடுக்கும் விடுப்புச் சம்பளமும் இல்லை.

நெசவு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வலி தெரிந்ததே. கூலி புடவைக்கு. நாடாவுக்குத் தார் சுற்றியதற்கு இல்லை, இழை அறுந்தால் முடிச்சுப் போட்டதற்கு இல்லை. மூன்றாவது நாடாவை வீசப் பல வீடுகளில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், அவர்கள் பள்ளிக்கூடமும் அதில் போயிற்று. புடவைக்கு விலை ஏறியபோதும், இணைத்து வைத்த கைகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்று கோர்வைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று கடைக்காரர்களும் வருத்தப்படுகிறார்கள்.

கூட்டம் முடிந்து வந்த மகள், ராட்டை முன்னால் இருந்த அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஒரு பொடவைக்கு எத்தன தார் சுத்துவ?"

"யாருடி எண்ணுனா?" அத்தை சிரித்தார். கை நிற்கவில்லை.

மகள் சிரிக்கவில்லை. எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தாள். அன்றைய குறிப்பில் முடிந்தது, நிற்பது, சந்தேகம் எல்லாவற்றுக்கும் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: கூட்டத்துக்கும் இந்தக் குறிப்புக்கும் ஆன நேரம், ஒன்றே முக்கால் மணி.